அசாதாரணத் திறமையை எந்த எண்ணால் அளப்பது?

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி பக்கம் போனால் இன்னும் காதில் விழும் கேள்வி இது: "பையனுக்கு அப்ரூவல் வந்தாச்சா?" கேட்பவர்கள் அப்ரூவலும் கிரீன் கார்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. 2025 நடுவில் வந்த விசா புல்லட்டினில் இபி-2 இந்திய வரிசை 2013 ஜனவரி 1-ல் நின்றது. இபி-1 வரிசை 2022 பிப்ரவரியில். ஒன்பது வருட வித்தியாசம்! அதனால்தான் எல்லோரும் 'அசாதாரணத் திறமை' உள்ளவர் ஆகவேண்டியிருக்கிறது.

அதற்கான வழிதான் இபி-1ஏ. கம்பெனி தேவையில்லை, நாமே மனுப் போடலாம். விருது, பத்திரிகைச் செய்தி, பிறர் வேலையை மதிப்பிட்டது, ஆய்வுக் கட்டுரை, பெரிய சம்பளம் என்று பத்து அளவுகோல். மூன்று தேறினால் முதல் படி. (பத்தில் ஒன்று கலைக் கண்காட்சி, இன்னொன்று நாடகம், சினிமா மாதிரி நிகழ்த்து கலைகளின் வசூல். நமக்கு எட்டுதான்.) 2010-ல் வந்த கசாரியன் தீர்ப்புக்குப் பிறகு, மூன்று தேறினாலும் அதிகாரி மொத்தத்தையும் இன்னொரு தடவை எடைபோடுவார்.

கணினிப் பாதுகாப்பு ஆய்வுக்கு இந்தத் தராசு பொருந்தவே இல்லை என்பது என் கட்சி. ஓட்டையைக் கண்டுபிடிக்கிறோம், சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறோம், அடைக்கிறார்கள். வேலை சுத்தமாக முடிந்தால் வெளியே எதுவுமே நடக்காது. நடக்காமல் போன திருட்டுக்கு யார் சான்று தருவார்கள்? பெரும்பாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தம் வேறு. மிஞ்சினால் ஒரு சிவிஇ எண் கிடைக்கும். பத்துக்கு 9.8 தீவிரம் என்று அதில் போட்டிருந்தாலும், அது எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று அதிகாரிக்குப் புரியவைக்க நாலு பேரிடம் கடிதம் வாங்கவேண்டும்.

துவாக்குடி என்.ஐ.டி.யில் படித்த தம்பி ஒருவர் தன் மனு வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். முந்நூறு பக்கத்துக்கு மேல். அவர் செய்ததில் ஆகச் சிறந்தது என்று எனக்குத் தெரிந்த வேலை அதில் ஒரு வரிகூட இல்லை, ஒப்பந்தம் தடுக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு விருது இருந்தது. நுழைவுக் கட்டணம் கட்டி வாங்கியது. அவரை நொந்து பயனில்லை. காகிதம் கேட்டால் காகிதம் விற்கும் கடையும் முளைக்கத்தான் செய்யும். கஷ்டம் என்னவென்றால், நிஜமாகவே சாதித்தவனும் அதே கடை வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது.

2016-ல் வந்த தனாசர் தீர்ப்பு இதைவிட நல்ல கேள்வியைக் கேட்கிறது. நீ செய்யப்போகும் வேலை நாட்டுக்கு முக்கியமா, அதைச் செய்ய உனக்கு வக்கு இருக்கிறதா, வேலைவாய்ப்பு நிபந்தனையைத் தள்ளிவைப்பது லாபமா? பாதுகாப்பு ஆய்வாளர் மூன்றுக்குமே நேர்மையாகப் பதில் சொல்லலாம். ஆனால் அது இபி-2. போய் அந்த நீண்ட வரிசையின் பின்னால் நிற்கவேண்டும்.

அமெரிக்காவை மட்டும் திட்டி முடித்துக்கொள்ளவும் முடியாது. நம் ஊர்க் கதையையும் பாருங்கள். ஹைதராபாத் ஹரி பிரசாத்தும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனங்களைக் காட்டினார்கள். 2010 ஆகஸ்டில் இயந்திரத்தைத் திருடியதாக வழக்கு, கைது. அதே 2010-ல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவருக்கு முன்னோடி விருது கொடுத்தது. இங்கே கைதுக்குக் காரணமானது அங்கே மனுவில் முதல் சான்றாக வைக்கக்கூடியது. மறுபக்கம் லக்ஷ்மண் முத்தையாவை எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான். 2019-ல் இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்த ஓட்டைக்கு 30,000 டாலர் கொடுத்தார்கள், விவரத்தை வெளியே எழுதவும் முடிந்தது.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவு உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினியில் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. நல்லெண்ணத்தோடு சோதிப்பவருக்கென்று தனி விலக்கு அதில் கிடையாது.

தம்பியின் மனுவில் இருக்கும் ஓட்டைகள் அத்தனையும் அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. நம்மூர் இணையதளம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன். "அண்ணா, நான் வீட்டுக்கு ஒரே பையன்" என்றார்.