பள்ளங்கியின் துவைகல்

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் துணி துவைக்க முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால், கொடியில் கிடக்கும் துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். அதனால் வெயில் ஏறும்போதே துவைகல்லில் சத்தம் தொடங்கிவிடும்.

பூண்டுக்காட்டு மண் லேசில் போகாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளைகிற மண் அது. வேட்டிக் கரையிலும் பேன்ட் மடிப்பிலும் அப்பிக்கொள்ளும். கைதேர்ந்தவர்கள் அதை ஈரத்தோடு தேய்க்க மாட்டார்கள். காயவிட்டு, உதறி, அப்புறம்தான் ஊறப்போடுவார்கள். சோப்புக்கட்டி காலருக்கும் கை முனைக்கும் மட்டும். மற்ற இடத்துக்கு நுரையே போதும். மலைத்தண்ணீர் உப்பில்லாதது, கொஞ்சம் சோப்புக்கே பொங்கும். அலசத்தான் கூடுதலாக ஒரு வாளி வேண்டும்.

பார்க்க அழகு, போர்வை பிழிவதுதான். ஆளுக்கொரு முனை பிடித்து எதிரெதிராக முறுக்க, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டும். ஒருவர் பிடி தளர்ந்தாலும் முறுக்கு அவிழ்ந்துவிடும். கம்பளி ஸ்வெட்டரிடம் இந்த வீரம் செல்லாது, முறுக்கினால் உருக்குலையும். உள்ளங்கையால் அழுத்தி நீரை வடித்து, கொடியில் தொங்கவிடாமல் பாய்மேல் பரப்ப வேண்டும்.

மெஷினில் போட்ட துணியெல்லாம் ஒன்றாகவே சுழலும். எதைக் கசக்கலாம், எதை அழுத்தினால் போதும் என்பது கைக்குத்தான் தெரியும். வீட்டில் மெஷின் இருந்தாலும் காலரையும் ஸ்வெட்டரையும் கைக்கே விடுங்கள். இன்னும் சில குளிர்காலம் தாங்கும்.