திருவண்டப்பகுதியும் விரியும் அண்டமும்

வீரமுனை, காரைதீவு முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களில் மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்த மாணவர்க்குத் திருவாசகம் புதியதன்று. அந்நூலின் மூன்றாம் பகுதியாகிய திருவண்டப்பகுதியில் அண்டம் விரிவடைகின்றது என்னும் விஞ்ஞானக் கொள்கை முன்னரே கூறப்பட்டுவிட்டது என்று மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. அண்டங்களைக் குறித்து ‘விரிதல்’ என்னும் சொல்லை மணிவாசகர் ஆண்டிருப்பதே இதற்குச் சான்றாகக் காட்டப்படும். இச்சான்று ஆராயத்தக்கது.

அண்டங்கள் எண்ணிறந்து பரந்து கிடப்பினும், இறைவனை நோக்க அவை வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் துகளுக்கு ஒப்பாகும் என்பதே அப்பகுதித் தொடக்கத்தின் உட்கிடை. ஈண்டு விரிதல் பரப்பைக் குறிக்கின்றதேயன்றி, ஒன்றைவிட்டொன்று விலகும் இயக்கத்தைக் குறிக்கவில்லை. பேரளவைச் சிற்றளவாக்கிக் காட்டும் உவமையே கவிஞரின் வெற்றி. ஒரு சொல்லை மட்டும் பறித்தெடுப்போர் அவ்வுவமையை இழந்துவிடுகின்றனர்.

விஞ்ஞானக் கொள்கையோ அளவையில் நிற்பது. 1927இல் லெமேத்ர் கணிதவழி கண்ட விரிவினை, 1929இல் ஹபிள் வெளியிட்ட அவதானங்கள் உறுதிப்படுத்தின. உடுத்திரள் எத்துணைத் தொலைவோ அத்துணை விரைவாக அது விலகுகின்றது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என இன்று கணிக்கப்படுகின்றது.

ஒடுங்கிய உலகம் மீளத் தோன்றும் என்னும் சிவஞானபோதக் கருத்தையும் இவ்வாறே விஞ்ஞானத்தோடு பொருத்துவோர் உளர். ஆயின், விரிவின் வேகம் கூடிவருகின்றது என 1998இல் அறியப்பட்டது; அதன்படி அண்டம் ஒடுங்காது, குளிர்ந்து இருண்டுபோகும். விரிவைத் தூண்டும் ஆற்றல் காலப்போக்கில் குன்றக்கூடும் என, அரிசோனாவில் நிகழும் டெசி ஆய்வு 2024இலும் 2025இலும் குறிப்புக் காட்டியுள்ளது. அது இன்னும் முடிந்த முடிபன்று. ஒவ்வோர் அவதானத்துக்கும் ஏற்ப மெய்கண்டார் ஒருகால் வென்றும் ஒருகால் தோற்றும் நிற்பதா? சமயநூலுக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடும் இப்போக்கு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. எவர் செய்யினும் அது தம் நூலைப் பிறர் தராசில் வைப்பதேயாம்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில், பழந்தமிழ் இசையின் பெருமையை வாளா பேசாது, சுருதிகளைக் கணக்கிட்டு நிறுவ முயன்றார். பழமையைப் போற்றுதற்கு அவர் காட்டிய நெறி அதுவே. திருவண்டப்பகுதியைக் கவிதையாகக் கற்போம். அண்டத்தை அளந்து அறிவோம். இரண்டும் தத்தம் நிலையில் நிற்கையிலேயே இரண்டுக்கும் பெருமை.