நியூட்டன் நகரத்துச் சதுரத் தொட்டி

கரும்புச்சாறு கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பழைய துவைப்பு மெஷினின் பாதி அப்போதே புரிந்துவிடும். இரண்டு உருளைகள், நடுவே கொடுத்ததைச் சாறு வேறு, சக்கை வேறாக்கி அனுப்பும். அமெரிக்க வீடுகளில் ஈரத்துணியை வெகுகாலம் இப்படித்தான் பிழிந்தார்கள். ஆனால் அங்கே உருளை இரும்பல்ல, ரப்பர். கீழே தொட்டி, அதனுள் துணியை இப்படியும் அப்படியும் அலைக்கழிக்கும் துடுப்பு, விளிம்பை ஒட்டிய கம்பத்தின் தலையில் பிழிவான். அவ்வளவுதான் மெஷின்.

இந்த மெஷின்களைச் சேகரிப்பவர்கள் ஈசி, தோர், ஸ்பீட் குவீன் என்று பல கம்பெனிகளுடையதையும் தேடி அலைவார்கள். எனக்கு மேடேக் போதும், அதிலும் சதுர அலுமினியத் தொட்டி வைத்த ஈ மாடல். அயோவா மாநிலத்து நியூட்டனில் 1893-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, முதலில் செய்தது கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் கதிரை ஊட்டும் கருவியை. விவசாயக் கருவி வியாபாரம் பருவம் முடிந்தால் படுத்துவிடும். அந்த மாதங்களை ஓட்டத்தான் 1907-இல் மரத்தொட்டி வைத்த ஒரு துவைப்பு மெஷினைச் செய்தார்கள். 1919-இல் தொட்டியை அலுமினியத்தில் வார்த்தார்கள். 1922-இல் ஹோவர்ட் ஸ்னைடர் என்ற பொறியாளரின் கைவண்ணத்தில், மூடியிலிருந்து தொங்கிய துடுப்பு தொட்டியின் அடிக்குப் போனது. அதுவரை துணியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தார்கள். இப்போது தண்ணீர் துணிக்குள் புகுந்து ஓடியது. 1927-க்குள் மொத்தம் பத்து லட்சம் மெஷின்களைச் செய்துவிட்டார்கள்.

1930-களின் நடுவில்கூட அமெரிக்காவில் பத்துப் பண்ணைவீட்டில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. அவர்களுக்காகத் தொட்டிக்கடியில் சின்ன பெட்ரோல் இன்ஜின். மோட்டார் சைக்கிள்போல் காலால் மிதித்துக் கிளப்ப வேண்டும். புகைக்குழாயை வெளியே விட வேண்டும். 1937-இல் இரட்டைச் சிலிண்டர் இன்ஜினும் வந்தது. இந்த இன்ஜினை மட்டும் சேர்ப்பவர்கள் தனி ஜாதி. அவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இன்ஜினைக் கழற்றித் துடைத்துப் பலகையில் ஏற்றிவிடுகிறார்கள், தொட்டி காயலான் கடைக்குப் போகிறது. அந்தக் காலத்துப் பையன்கள் தள்ளுவண்டியில் பூட்டி ஓட்டக் கழற்றினார்கள் என்றால் அது பிள்ளைக் குறும்பு. பெரியவர்களுக்கு என்ன வந்தது?

பிழிவானை வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். மேலே உள்ள திருகு உருளைகளை இறுக்கும். சட்டைப் பொத்தான்களை உள்பக்கம் மடித்துக் கொடுக்காவிட்டால் தெறித்துவிடும். தடித்த விரிப்பு ஒன்றின் முனையைக் காட்டினால், உருளை அதைக் கவ்வி, சோப்புத் தண்ணீரை முன்பக்கம் வழியவிட்டு, மறுபக்கம் அப்பளமாகத் தள்ளும். நெம்புகோலைத் திருப்பினால் உருளைகள் எதிர்த்திசையில் சுழலும்; கீழே இருக்கும் சரிவுத் தட்டும் மறுபக்கம் சாய்ந்து, வழியும் தண்ணீரை அது வந்த தொட்டிக்கே அனுப்பும். சோப்புத் தண்ணீர் அலசும் தண்ணீரோடு கலக்காது. ஒரு தட்டின் சாய்வில் இவ்வளவு யோசனை! பிழிவானையே கம்பத்தில் சுற்றிப் பக்கத்து அலசல் தொட்டிகளுக்கும் திருப்பலாம். அதைக் கழற்றிவிட்டு இறைச்சி அரைக்கும் கருவியை மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

திங்கட்கிழமை துவைப்பு நாள். ஒரே சுடுநீரில் முதலில் வெள்ளை, பிறகு வண்ணம், கடைசியில் வயல்வேலைக் கால்சட்டை. வெள்ளைக்கு அலசும்போது நீலம். தண்ணீர் மிச்சம், சோப்பும் மிச்சம். ஆனால் அருகிலேயே ஆள் நிற்க வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் விரல், கை, கூந்தல் எல்லாம் உருளைக்குள் போகும். நசுங்கிய குழந்தைக் கைகளைப் பற்றி மருத்துவர்கள் தனியாக எழுதும் அளவுக்கு அந்த விபத்து சகஜம். தட்டினால் உருளைகள் விலகும் பாதுகாப்புப் பட்டை பின்னாளைய மெஷின்களில் இருந்தும், பயம் போகவில்லை. அழகான பொருள்தான், சாதுவான பொருள் இல்லை.

அலுமினியத் தொட்டியைக் கண்ணாடியாக மெருகேற்றுவது இப்போதைய வழக்கம். எனக்குப் பிடிக்காது. சோப்பும் சுடுநீரும் பட்டுச் சாம்பல் பூத்த நிறத்தைச் சுரண்டிவிட்டால் பிறகு அது சமையலறை அலங்காரப் பாத்திரம்.

மேடேக் தன் பிழிவான் மெஷினை 1983 வரை செய்தது. தானியங்கி மெஷின்கள் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும்! பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடாத ஆமிஷ் குடும்பங்கள் இன்றும் பழைய தொட்டிகளில் சிறு இன்ஜினைப் பூட்டியோ, அழுத்தக் காற்றாலோ ஓட்டுகிறார்கள். சேகரிப்பாளர்களுக்கும் அதனால் நன்மை: உதிரிபாகம் கிடைக்கிறது.

வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் உருளை ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள்; கல்லாகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்து, மெஷினுக்கடியில் குனிந்து கியர்ப்பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிழிவானின் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கிய நிலையில் மாதக்கணக்கில் நின்றால் உருளைகள் ஒன்றையொன்று அழுத்திச் சப்பையாகிவிடும்.