அழுகையைக் கேட்டோம், மாத்திரையைக் கேட்கவில்லை

1

2001ஆம் வருஷம் நான் காலேஜில் இரண்டாம் ஆண்டு. எங்கள் சேரியில் படித்தவன் என்று இருந்த நாலைந்து பேரில் ஒருவன். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். ரேஷன் கார்டு, கோர்ட்டு சம்மன், பேங்க் நோட்டீஸ். அப்படித்தான் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினாள். "இன்னா போட்டிருக்கு, படிடா தம்பி" என்றாள். மாமா லாரியில் கிளீனராக ஓடி 1999இல் செத்துப்போயிருந்தார். அக்காவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரியில் "இருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லி, இந்தத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

படித்தேன். ஆட்கொல்லி நோய் என்று தொடங்கியது. ஒரு மண்டையோட்டுப் படம். தகாத உறவைத் தவிருங்கள், ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழுங்கள், எய்ட்ஸ் வராமல் காத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். திருப்பிப் பார்க்கச் சொன்னாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ நாவல்களுக்கும் கவிதைகளுக்கும் விமர்சனம் எழுதிவிட்டேன். தமிழில் லட்சக்கணக்கில் அச்சாகி, சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டப்பட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் வரை போய்ச் சேர்ந்த இந்தப் பிரதியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அதை இலக்கியம் என்று நான் நினைக்கவில்லை. அக்கா உயிர் அந்தத் தாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2

ஒரு பிரதியை வாசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது. அந்தத் துண்டறிக்கையின் 'நீங்கள்' தொற்று இல்லாதவர். ஒழுங்கான குடும்பஸ்தர். தொற்று வந்தவர் அதில் வாசகராக இல்லை, மண்டையோடாக இருக்கிறார். அவரைக் காட்டி மற்றவர்களைப் பயமுறுத்தலாம். அவரோடு பேசுவதற்கு அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

அடுத்தது 'தகாத' என்ற சொல். இந்தச் சொல்லை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தீண்டத்தகாத என்று நம் முதுகில் ஒட்டிய அதே சொல்தான் இங்கே உறவுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒரு வைரஸைப் பற்றிய தகவலுக்குள் தகுதி, தகுதியின்மை எப்படி நுழைந்தது? எச்.ஐ.வி. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் வழியாகப் பரவும். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. அறிவியல் சொல்வது இவ்வளவே. இதை ஒழுக்கத்தின் பாஷையில் மொழிபெயர்த்ததும் தீட்டு உள்ளே வந்துவிட்டது. தீட்டு வந்தபிறகு வார்டில் கடைசிக் கட்டில் எது, தனித் தட்டு எது, எட்ட நின்று மாத்திரையைப் போடுகிற கை எது என்று யாரும் தனியாகச் சட்டம் போட வேண்டியதில்லை. அக்கா படுத்திருந்த கட்டில் கக்கூஸ் பக்கத்தில். அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஊருக்குள் சேரி எங்கே இருக்குமோ, வார்டுக்குள் அது அங்கே இருந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா செல்லப்பன் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அது துணிச்சலான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்கள் ரத்தமாக மட்டுமே வருகிறார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள், அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது கதையில் இல்லை. துண்டறிக்கையின் வெள்ளைப் பின்பக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

3

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விளம்பரப் பலகைகள் முளைத்தன. மண்டையோட்டோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம். ஆணைப் பார்த்துக் கேள்வி கேட்டது. ஆணுறை என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தது. அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம். ஆனால் 'வருமா?' என்ற கேள்வி வந்தவர்களுக்கானது அல்ல. எங்கள் ஊரில் அக்கா மகனைப் பள்ளிக்கூடத்தில் "டேய் புள்ளிராஜா" என்று கூப்பிட்டார்கள். அவனுக்குத் தொற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் இருந்த சிரிப்பு தெருவுக்கு வந்தபோது யார் மேல் விழும் என்று எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் குடியிருக்கவில்லை.

சட்டத்தின் மொழியையும் பார்ப்போம். 2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. வேலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது. நல்லது. ஆனால் மருந்து தரும் கடமையைச் சொல்கிற இடத்தில் மட்டும் 'முடிந்தவரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். தொற்றோடு வாழ்பவர்களின் அமைப்புகள் மசோதாக் கட்டத்திலேயே இந்தச் சொல்லை எதிர்த்தன. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டுக்காகத் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலில் அவர்கள் போய் உட்கார வேண்டியிருந்தது. முடிந்தவரை என்றால் என்ன அர்த்தம் என்பதற்கு வேறு உரை வேண்டாம்.

4

அக்கா பிழைத்தது எந்த அச்சடித்த தாளாலும் அல்ல. நடுவில் ஒரு வைத்தியர் எய்ட்ஸையே குணமாக்குகிறேன் என்று சொல்லி அவள் கம்மலை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு எட்டு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தது. தாம்பரம் அதில் ஒன்று. இந்தத் தகவல் அக்காவுக்கு வந்து சேர்ந்தது அடுத்த கட்டிலில் இருந்த ஒரு அம்மா வழியாக. "தாம்பரம் போ, ரயிலடில எறங்கி யாரையும் எய்ட்ஸ் ஆஸ்பத்திரின்னு கேக்காத, டிபி ஆஸ்பத்திரின்னு கேளு. ஒரு நாள்ல முடியாது, சாப்பாடு கட்டிக்க. சிடி4 எரநூறுக்குக் கீழ இருந்தாத்தான் மாத்திரை. இல்லாட்டி திரும்பி வா, அழாத, ஆறு மாசம் கழிச்சி மறுபடி போ."

ஆலோசகருக்கு நம் அரசுத் தமிழில் ஆற்றுப்படுத்துநர் என்று பெயர். பண்டிதர் யாரோ வைத்திருப்பார். அவருக்கே தெரியாமல் சரியாக வைத்துவிட்டார். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பொதுவாக ஆற்றுப்படை என்றால் போய் வந்தவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது. எந்தப் பக்கம் போக வேண்டும், வழியில் யார் சோறு போடுவார்கள், வாசலில் எப்படி நிற்க வேண்டும். சொல்கிறவனும் பசித்தவன், கேட்கிறவனும் பசித்தவன். தமிழ்ப் பேராசிரியர்கள் இதில் வள்ளலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்த இரண்டு பாணர்களை. பின்னாளில் தீண்டாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். அடுத்த கட்டில் அம்மா அக்காவுக்குச் சொன்னது அசல் ஆற்றுப்படை. கூலி வாங்கிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து "தவறாமல் மருந்து உட்கொள்ளவும்" என்று சொல்வது வேறு.

வித்தியாசம் உணர்ச்சியில் இல்லை, தகவலில் இருக்கிறது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். துண்டறிக்கை 'சில பக்க விளைவுகள் ஏற்படலாம்' என்று முடித்துக்கொள்ளும். வரிசையில் நின்றவர்கள் சொன்னது இப்படி: நெவிரபின் முதல் 14 நாள் ஒருவேளைதான், அப்புறம்தான் ரெண்டு வேளை. மேலே தடிப்பு வந்து வாய் புண்ணாகி கண் செவந்தா ஒரு நாளும் தாமதிக்காத, நேரா ஓடு. எஃபாவிரென்ஸ் போட்டா கெட்ட கனவு வரும், தலை சுத்தும், படுக்கப் போறப்ப போடு, பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கப் போகாத. ஜிடோவுடின்னா ரத்தம் கொறையும். ஸ்டாவுடின் போட்டா கன்னம் உள்ள போகும், பாதம் எரியும், அது உன் பாவம் இல்ல, மருந்தோட வேலை. ஸ்டாவுடினைப் படிப்படியாக விட்டுவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2009இல். ஒட்டிய கன்னங்கள் அதற்கு வெகுநாள் முன்பே ஒன்றையொன்று பார்த்து அதைத் தெரிந்துவைத்திருந்தன.

இந்த அறிவு மருந்து வரிசையோடு நின்றுவிடவும் இல்லை. இந்தியாவில் தொற்றோடு வாழ்பவர்களின் முதல் தேசிய வலையமைப்பு 1997இல் சென்னையில் உருவானது. பெண்களுக்கான அமைப்பு அடுத்த வருஷமே வந்தது. 2001இல் ஒரு இந்தியக் கம்பெனி மூன்று மருந்துக் கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவிக்கும்வரை அதன் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். 2005இல் நம் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த மலிவுக்கே ஆபத்து வந்தது. 2006இல் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் கூட்டு மாத்திரைக் காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்து மனு போட்டவர்களில் இந்த வலையமைப்பும் உண்டு. கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் 1998 டிசம்பரில் தொடங்கிய சிகிச்சைக்கான இயக்கமும் இதே வழியில் போனதுதான். மருந்தின் பெயரை, அது உடம்பில் செய்யும் வேலையை, அதன் விலையைச் சேரி சேரியாகச் சொல்லிக்கொடுத்து, அந்தப் படிப்பையே போராட்டமாக்கினார்கள்.

5

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம் தோழர்களே.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறப்பிதழுக்காக அக்காவிடம் சாட்சியம் கேட்டுப் போனேன். மாமா செத்த அன்று என்ன நடந்தது, பிணத்தைத் தூக்க யார் வந்தார்கள், பெரியம்மாவே ஏன் தனிக் குவளை கொடுத்தாள் என்று கேட்டேன். சொன்னாள். ஆமாம், நம் சேரியிலும்தான் நடந்தது. ரெட்டைக் குவளையை எதிர்த்துப் போராடிய தெருவில் அவளுக்கு மூன்றாவது குவளை வைத்தோம். சேரிக்குள் இன்னொரு சேரி. புருஷனிடமிருந்து வந்ததற்கு அவளைத்தான் மாமியார் வீட்டில் கேட்டார்கள். இதையெல்லாம் எழுதிக்கொண்டு கிளம்பினேன். கதவருகே நிறுத்திச் சொன்னாள்: "எல்லாரும் வந்து அழுகைய கேக்கறீங்க. இருவது வருஷமா மாத்திரை போட்டு உசுரோட இருக்கேனே, அது எப்படின்னு ஒருத்தரும் கேக்கலியே."

இது எனக்கான விமர்சனம் மட்டுமல்ல. தலித் எழுத்தை நாம் வலியின் இலக்கியம் என்று கொண்டாடினோம். அது தேவையாக இருந்தது. ஆனால் காயத்தைக் காட்டினால்தான் சாட்சியம் என்று ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டோம். நம் ஆட்களின் உடம்பு துன்பத்துக்குச் சாட்சி, அறிவுக்குச் சாட்சி இல்லை என்று ஆகிவிட்டது. அறிவை டாக்டர் வைத்திருப்பார், நாம் வேதனையை வைத்திருப்போம் என்ற இந்தப் பங்கீடு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஓதுகிறவன் ஒருவன், உழைத்து வலிக்கிறவன் இன்னொருவன் என்று பிரித்த அதே பழைய பங்கீடு.

ஆகவே அன்றைக்கு நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அக்கா இப்போது சங்கத்தில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறாள். பெயர் போட வேண்டாம் என்றாள். வெட்கத்தால் இல்லை, பேத்தி பள்ளிக்கூடம் போகிறது. அவள் சொல்வது: "2017லேர்ந்து சிடி4 எவ்ளோ இருந்தாலும் மாத்திரை உண்டு, இருக்குன்னு தெரிஞ்சா தள்ளிப்போடாத. இப்ப பெரும்பாலும் ஒரே மாத்திரை, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூணும் அதுக்குள்ளயே. மாசமா இருந்தா இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை குடுப்பாங்க. வெறும் வயித்துல ரெண்டையும் சேத்து முழுங்காத. இத ரெண்டு மணி நேரம் முன்னாடி போடு, இல்லாட்டி ஆறு மணி நேரம் பின்னாடி போடு. டிபி மருந்து ஆரம்பிச்சா ரெண்டு எடத்துலயும் சொல்லு, டோலுடெகிராவிர் இன்னொரு வேளை சேர்ப்பாங்க. நல்லாத்தானே இருக்கேன்னு நீயா நிறுத்தாத, அப்புறம் இந்த மருந்து கேக்காமப் போயிடும். வைரஸ் எண்ணிக்கை டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளு. தெரியாத அளவுக்கு எறங்கி அப்படியே நின்னுச்சின்னா, படுக்கறதுல ஒன்கிட்டேர்ந்து யாருக்கும் பரவாது. நான் சொல்றத மட்டும் நம்பாத, டாக்டர்கிட்டயும் கேளு. கேக்கறதுக்கு உனக்கு உரிமை இருக்கு."

கடைசிக்கு முந்தின விஷயத்தைச் சொல்லும்போது அவள் குரல் மாறும். 'உன்னிடமிருந்து யாருக்கும் பரவாது.' மருத்துவத்துக்கு அது ஒரு எண். தீட்டு என்று மூலையில் உட்காரவைக்கப்பட்ட ஒருத்திக்கு அது வேறு. நான் பார்த்த எந்தத் துண்டறிக்கையிலும் இந்த வாக்கியம் இவ்வளவு நேராக எழுதப்படவில்லை. 'பரவும் வாய்ப்பு குறையும்' என்று இழுக்கிறார்கள். நிஜத்தை முழுசாகச் சொன்னால் நாம் கெட்டுப்போய்விடுவோம் என்ற அந்தப் பழைய சந்தேகம் இன்னும் போகவில்லை.

இந்தப் பக்கங்களில் இனி சாட்சியம் கேட்கும்போது, தொற்றோடு வாழ்கிறவர்களிடம் மட்டுமல்ல, சாக்கடையில் இறங்குகிறவர்களிடமும் செங்கல் சூளையில் வேகிறவர்களிடமும், என்ன பட்டீர்கள் என்பதோடு என்ன தெரிந்துகொண்டீர்கள் என்றும் கேட்போம். அவர்கள் சொன்ன பாஷையிலேயே அச்சடிப்போம். அக்காவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். நெவிரபின் இப்போது பெரியவர்களுக்குத் தருவதில்லை, பழைய கதை என்று தெரியும்படி போடு, இல்லாவிட்டால் புதுசாக வருகிறவர்கள் குழம்புவார்கள் என்று திருத்தினாள். போட்டுவிட்டேன்.