மைக் நீளாத இடத்து விமர்சனம்

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான கையோடு, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. முதல் காட்சி பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களை வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களின் வசூலை இந்தக் கருத்துகள் கெடுத்துவிட்டன என்பது அதன் வருத்தம். விஷயம் நீதிமன்றம்வரை போனது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக் கூடாது என்று சங்கம் கேட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் சேரும் என்று சொல்லி, டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது.

அந்த உத்தரவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காசு கொடுத்துப் பார்த்தவன் வாய் திறக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? ஆனால் அந்த மைக்கில் விழுவதெல்லாம் அபிப்பிராயமா என்பது வேறு கேள்வி. "ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக், பிஜிஎம் வேற லெவல், ஃபேமிலியோட பாக்கலாம்." எந்தப் படத்துக்கும் இதைப் பொருத்தலாம். படத்தில் ஒரு காட்சியையாவது பார்த்ததற்கான அடையாளம் இந்த வாக்கியத்தில் கிடையாது. ஆனந்த விகடன் 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மதிப்பெண் போட்டதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எண்ணைவிட, அதன் மேலே எழுதியிருந்த காரணங்கள்தான் மதிப்பெண்ணுக்கு மரியாதை தந்தன. காரணம் சொல்லாத பாராட்டும் திட்டும் ஒரே எடைதான்.

வரதராஜன்பேட்டைக்கு இந்த மைக் வருவதில்லை. அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை ஒட்டிய சின்னப் பேரூராட்சி. சுற்றிலும் முந்திரிக் கொல்லை, நடுவில் அலங்கார அன்னை கோயில். வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஜெயங்கொண்டத்திலோ கும்பகோணத்திலோ பார்ப்பார்கள். இல்லாவிட்டால் நாலு வாரம் பொறுத்துச் செல்போனில். இந்தப் பக்கத்து ஆள் படத்தைப் பற்றிச் சொல்வதில் ஒரு பலம் இருக்கிறது. சென்னை விமர்சகர் எவ்வளவு படித்திருந்தாலும் அதை எட்டிப்பிடிப்பது கடினம்.

'சுழல்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2022இல் அமேசான் பிரைமில் வந்தது. எழுதி உருவாக்கியவர்கள் புஷ்கரும் காயத்ரியும். சிமென்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகளைக் காணவில்லை, ஊரில் மயானக்கொள்ளை நடக்கிறது. பல விமர்சனங்கள் முடிச்சையும் திருப்பத்தையும் மெச்சின. எங்கள் மாவட்டத்துக்காரர் முதலில் கேட்கும் கேள்வி வேறு: "சிமென்ட் ஃபேக்டரி இருக்குற ஊரு எப்புடிய்யா இவ்ளோ பச்சையா இருக்கு?" அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன, ஓயாத லாரி இருக்கிறது, சாலையோர இலைமேல் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. தொடரிலோ மலையும் பனியும். ஆலை கதைக்கு ஒரு பின்னணித் திரை மட்டுமே. அங்கே வேலை செய்கிறவன் மூச்சில் என்ன போகிறது என்பது எட்டு எபிசோடில் பொருளே ஆகவில்லை. பார்த்தவன் சொன்ன ஒற்றை வரி இந்தக் குறையின் மேல்தான் நேராகக் கை வைக்கிறது. தொடரை நான் ரசித்தேன். ஸ்ரீயா ரெட்டியின் இன்ஸ்பெக்டர் ரெஜினாவுக்காகவே மறுபடி பார்க்கலாம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

'பொன்னியின் செல்வன்' இன்னும் சுவையான வழக்கு. பழுவேட்டரையர்களின் பழுவூர் அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இன்றைக்கும் பஸ் நிற்கும் ஊர். கங்கைகொண்ட சோழபுரமும் பக்கம்தான். அங்கே மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது செங்கல் சுவரும் கூரை ஓடும். மணிரத்னம் காட்டிய அரண்மனைகளில் சில குவாலியரிலும் ஓர்ச்சாவிலும் எடுத்தவை. வடக்கத்திக் கல் மாடங்கள். மாளிகைமேட்டுக் குழியை எட்டிப் பார்த்தவருக்குத் திரையில் அந்தக் குவிமாடம் உறுத்தாமல் இருக்குமா? உறுத்தல் நியாயம். ஆனால் அதையே கடைசித் தீர்ப்பாக்குவது நியாயமில்லை. சோழர் அரண்மனை ஒன்றுகூட முழுசாக நிற்கவில்லை. இயக்குநர் எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். தவிர, கல்கி 1950இல் தொடங்கி எழுதியதே கற்பனை. அரண்மனை தப்பு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவர், ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் அந்தக் கடைசிச் சந்திப்பை, இரண்டாம் பாகத்தில் உயிருள்ள இடத்தை, கவனிக்காமலே போய்விடுகிறார். ஊர் தெரிந்தவரின் அபிப்பிராயத்தில் உள்ள பெரிய பலவீனம் இது: தெரிந்த பொருள் திரையில் வந்ததும் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

அது முற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 'ஜெய் பீம்' சாட்சி. எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில் 1993இல் நடந்த காவல் கொலையைச் சொன்ன படம். படத்தில் வரும் பழங்குடி இருளர் குடும்பத்துக்கு நடந்த சித்திரவதையைப் பேச வேண்டிய நேரத்தில், காவலர் வீட்டுச் சுவரில் தெரிந்த, ஒரு சாதியின் அடையாளமான அக்னி குண்டக் காலண்டரைப் பற்றித்தான் வாரக்கணக்கில் பேச்சு. காலண்டரை மாற்றினார்கள், இயக்குநர் ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். அடையாளம் பற்றிய அந்தப் புகாரில் ஒரு துளி நியாயம் இருந்தாலும், இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை ஒரு காலண்டருக்குள் சுருட்டியது பார்வையாளரின் தோல்வி. இங்கே பார்த்தது கண் இல்லை, சாதி.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வரதராஜன்பேட்டை பெரும்பாலும் கத்தோலிக்கர் ஊர். முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் ஆரோக்கியசாமி பேசும் தமிழும் பக்கத்து ஊர்க் கலியபெருமாள் பேசும் தமிழும் ஒன்றுதான். தமிழ் சினிமா நெடுங்காலம் கிறிஸ்தவர் என்றால் ஒரு கவுன், ஒரு 'மேன்', இல்லாவிட்டால் 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனி மாதிரி ஒரு வில்லன் பெயர் என்றே கணக்கு வைத்திருந்தது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) பூணூலையும் சிலுவையையும் ஒன்றாகக் கழற்றி வைத்துக் கைதட்டல் வாங்கியது. 'கடல்' (2013) கொஞ்சம் கிட்டே வந்தது, அதுவும் மீனவர் ஊர். உழுது பிழைக்கும் உள்நாட்டுக் கிறிஸ்தவன் எங்கே என்ற கேள்வியை எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. இந்த ஊரில் அதை ஒரு சலிப்போடு சாதாரணமாகச் சொல்கிறார்கள். அடையாளத்தை வைத்துப் பார்ப்பதும் சில நேரம் சினிமாவின் குருட்டுப் புள்ளியைக் காட்டிக் கொடுக்கும்.

சீரியலுக்கு வருவோம், உண்மையான விமர்சகர்கள் இருப்பது அங்கேதான். கையில் பால் பட்டுப் புண்ணாகாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். முந்தைய நாள் எபிசோடு அங்கே கொட்டையோடு சேர்ந்து உடைபடும். 'எதிர்நீச்சல்' 2022இல் சன் டிவியில் தொடங்கியது. 'கோலங்கள்' தந்த திருச்செல்வத்தின் தொடர். மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனின் 'இந்தாம்மா ஏய்' ஆண்களுக்கு மீம் ஆனது, சிரிப்பானது. பெண்களுக்கு அது சிரிப்பாக இல்லை. "இந்தாளு எங்க மாமனாரு மாதிரியே பேசுறான் அக்கா" என்பது ஒரு முழு விமர்சனம்: பாத்திரத்தின் உண்மை, நடிப்பின் வலு, வீட்டின் நிலைமை மூன்றும் அதில் அடக்கம். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்து வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தபோது, "இவரு மிரட்டுறாரு, அவரு நம்ப வச்சாரு" என்று ஒரு அம்மா பிரித்துச் சொன்னார். அதற்குமேல் நான் என்ன எழுத?

இதிலும் ஓட்டை உண்டு. "நாலு வருசமா இழுக்கிறானுங்க, கண்ராவி" என்று திட்டியபடியே மறுநாள் அதே நேரத்துக்கு டிவி முன்னால் உட்கார்கிறோம். டிஆர்பி கணக்குக்குத் திட்டு தெரியாது. பெட்டி ஓடியது என்பது மட்டும்தான் தெரியும். 1,533 எபிசோடு ஓடிய 'கோலங்க'ளின் காலத்திலிருந்து இதே கதை. வாயால் வேண்டாம் என்று சொல்லி ரிமோட்டால் வேண்டும் என்று சொல்கிறவரின் அபிப்பிராயத்தைச் சேனல்காரர் எப்படி மதிப்பார்?

தயாரிப்பாளர்களுக்கு ஒன்று சொல்லலாம். மைக்கை விரட்டுவதால் பயனில்லை. உங்கள் படத்தை மைக் கவிழ்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. மைக் பிடிப்பவர்களுக்கு: "படம் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்தில் உங்களுக்கு உறுத்தியது, ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அரை நிமிடம் கூடுதலாகும். அந்த அரை நிமிடத்தைக் கொடுங்கள்.