விரியன் தொட்ட பத்தாம் படி

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பிலும் குச்சிக்கிழங்குக் காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி விரியனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். 2 மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடிவந்தால் விஷம் ரத்தத்தில் வேலையைக் காட்டிவிட்டது, மாற்று மருந்தை உடனே ஏற்ற வேண்டும்.

மின்சாரம்கூடத் தேவைப்படாத இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குழாய்தான். அது கண்ணாடியாகவே இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பைத் தொட்டதும் ரத்தத்தில் உறங்கும் 12ஆம் காரணி என்ற புரதம் விழித்துக்கொண்டு உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக்கில் அந்த வேகம் கிடையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஆகாது, நல்ல ரத்தத்தையே உறையாத ரத்தமாகக் காட்டிவிடும்.

விஷம் எங்கே கை வைக்கிறது என்று கண்ட கதை இதைவிட நயமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல், இந்தப் பகுதிப் பாம்புகளைப் பற்றி 1796இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவர் பெயரால்தான் உலகம் நம் விரியனை ரஸ்ஸல் விரியன் என்கிறது. 1934இல் க்வின் மக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவர், லண்டன் மிருகக்காட்சி சாலையில் பாம்புகளைக் கவனித்துவந்த பர்ஜெஸ் பார்னெட்டோடு சேர்ந்து, பல பாம்புகளின் விஷத்தை ரத்தத்தில் கலந்து பார்த்தார். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்த ரஸ்ஸல் விரியன் விஷம், ஹீமோஃபிலியா நோயாளியின் உறையாத ரத்தத்தையும் சட்டென்று உறைய வைத்தது. பல் பிடுங்கிய இடத்தில் நிற்காமல் கசியும் ரத்தத்துக்கு அதை மேற்பூச்சாகவே வைத்தார்கள்.

ஏன் உறைகிறது என்பது அன்றைக்கு விளங்கவில்லை. மக்ஃபார்லேன் கேள்வியை விடவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸோடு சேர்ந்து அவர் உழைத்த வருடங்களில் உறைதலின் காரணிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1952இல் அவர்கள் விவரித்த 9ஆம் காரணிக்கு, அது இல்லாமல் அவதிப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயரான கிறிஸ்துமஸ் என்பதையே வைத்தார்கள். கட்டுரை வந்ததும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான்! 1962இல் அதே ஊரில் எஸ்னாஃப், வில்லியம்ஸ் என்ற இருவர், விரியன் விஷம் ரத்தத்தில் எந்தப் புரதத்தின் மேல் பாய்கிறது என்று தேடி, அதைப் பிரித்தெடுத்தார்கள். 10ஆம் காரணி.

இங்கேதான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். அந்தப் புரதம் நானூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களின் கோவை. நம் உடலில் 8ஆம் காரணியும் 9ஆம் காரணியும் கைகோத்து அதில் குறிப்பிட்ட ஓர் இணைப்பை வெட்டினால் அது விழித்துக்கொள்ளும். விரியன் விஷத்தின் நொதி வெட்டுவதும் அதே இணைப்பைத்தான். ஹீமோஃபிலியாவில் 8 அல்லது 9 பழுது. மேல்மடை அடைபட்ட வாய்க்காலுக்கு நடுவில் மோட்டார் வைத்துத் தண்ணீர் விட்டதுபோல, விஷம் பழுதான இடத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 1934இன் புதிருக்கு விடை அதுதான்.

1964இல் மக்ஃபார்லேன் ‘நேச்சர்’ இதழில் முழு வரிசையையும் அருவியாக அடுக்கிக் காட்டினார். ஒரு நொதி அடுத்த நொதியின் பல மூலக்கூறுகளை எழுப்பும், அவை ஒவ்வொன்றும் மேலும் பலவற்றை எழுப்பும். சின்னத் தூண்டல் படிக்குப் படி பெருகுகிறது. அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் அதே ஆண்டில் தனியாக இதே எண்ணத்துக்கு வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த வரிசையில் நிறையத் திருத்தினாலும், பெருக்கம் என்ற அந்தக் கருத்தை யாரும் அசைக்கவில்லை.

அப்படியானால் கடிபட்டவர் ரத்தம் ஏன் உறையாமல் ஓடுகிறது? உறைய வைக்கும் விஷம் என்பதால்தான். ரத்தம் ஓடும் வழியெல்லாம் அருவியைத் திறந்துவிட்டு, கடைசிப் படியில் வலை பின்னும் ஃபைப்ரினோஜென் முழுவதையும் அது செலவழித்துவிடுகிறது. குழாய்க்கு வந்து சேரும் ரத்தத்தில் பின்ன நூல் இல்லை.

அதே விஷம் இன்று பரிசோதனைக் கூடங்களில் நீர்த்த கரைசலாக வேலை செய்கிறது. அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்ணுக்கு மருத்துவர் எழுதித் தரும் சோதனைச் சீட்டில் டி.ஆர்.வி.வி.டி. என்று ஒரு வரி இருக்கலாம். அதில் ஆர்.வி. என்பது நம் காட்டு விரியன்தான்.