வைன் சுவைத்திறனாய்வின் மொழி: ஒரு சமூகவியல் நோக்கு

இலக்கியத் திறனாய்வில் 'சுவை' என்பது ஓர் உருவகம். ஆனால் நாவும் மூக்கும் உணரும் சுவையையே பொருளாகக் கொண்ட ஒரு திறனாய்வுத்துறை, தனக்கெனக் கலைச்சொற்களும் ஏடுகளும் அதிகாரம் பெற்ற தீர்ப்பாளரும் உடையதாய் மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. வைன் எனப்படும் திராட்சை மதுவைச் சுவைத்து விவரிக்கும் எழுத்தையே இங்குக் கருதுகின்றோம். மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், சுவை எவ்வாறு தரமாகின்றது, தரம் எவ்வாறு விலையாகின்றது, இம்மாற்றங்களில் மொழி ஆற்றும் பணி யாது ஆகிய வினாக்களை இத்துறை தெளிவாக முன்வைக்கின்றது. ரசனையையே திறனாய்வின் முதலும் முடிவுமாகக் கொள்வோர் நம்மிடையேயும் உளர். ஆதலின் இவ்வினாக்கள் நமக்குப் புறம்பானவை அல்ல.

முதலில் தரப்படுத்தலை நோக்குவோம். 1855இல், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கென, போர்தோ நகர வணிகத் தரகர்கள் அப்பிரதேசத்துச் செவ்வைன்களை ஐந்து படிகளாக வகுத்தனர். இதற்கென அவர்கள் சுவைப்போட்டி எதனையும் நடத்தினாரல்லர். நெடுங்காலமாக ஒவ்வொரு தோட்டத்து வைனும் சந்தையிற் பெற்றுவந்த விலையே அவர்தம் அளவுகோலாயிற்று. விலையிலிருந்து தோன்றிய இப்படிநிலை, காலப்போக்கில் விலைக்கான நியாயமாக மாறியது. முதற்படியில் அதன்பின் நிகழ்ந்த ஒரே மாற்றம், 1973இல் மூட்டோன் ரொத்சைல்ட் தோட்டம் அதற்கு உயர்த்தப்பட்டமையாகும். அரிய வைனைச் சிறிதளவே விளைவிக்கவல்ல தோட்டம் தனியுரிமை விலை பெறுவதையும், அவ்விலை வாங்குவோரின் செல்வத்தையும் விருப்பத்தையும் பொறுத்தமைவதையும், அதனால் எழும் மிகை இலாபம் நிலவுடைமையாளனுக்கு வாரமாகச் சேர்வதையும் மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். அவ்விருப்பத்தை உருவாக்கிப் பேணும் கருவிகளுள் சுவைத்திறனாய்வு முதன்மையானது என்பது நமது கருத்து.

இத்திறனாய்வின் பழைய சொற்றொகுதி நிலப்பிரபுத்துவச் சாயல் வெளிப்படையாகப் படிந்தது. வைன் 'குலப்பிறப்பு' உடையது, 'உயர்குடிப் பண்பினது' எனப் புகழப்பட்டது. பர்கண்டியில் சம்போல் ஊர் வைன் 'பெண்மை' உடையதாகவும் ஜெவ்ரி ஊர் வைன் 'ஆண்மை' உடையதாகவும் வகுத்துரைக்கப்பட்டன. 1976 மே மாதம் பாரிசில், பெயர் மறைத்து நடத்தப்பட்ட சுவைப்போட்டியொன்றில், பிரெஞ்சுத் தீர்ப்பாளர்களே செவ்வைனிலும் வெள்வைனிலும் கலிபோர்ணிய வைன்களுக்கு முதலிடம் வழங்கினர். குலப்பிறப்பு பற்றிய நம்பிக்கைக்கு அது பேரிடியாயிற்று. 1978இல் தமது ஏட்டைத் தொடங்கிய அமெரிக்கரான றொபேட் பார்க்கர் நூறு புள்ளி முறையைப் பரப்பினார். கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் 1984இல் வெளியிட்ட 'மணச்சக்கரம்', மதிப்பீட்டுச் சொற்களை விலக்கி, பழம், மலர், புகை, மண் என அனைவரும் முகர்ந்தறியக்கூடிய பொருட்களின் பெயர்களை நிரல்படுத்தியது. பரம்பரைப் பட்டங்களை அகற்றியமையால் இதில் ஒரு சனநாயக அம்சம் உண்டு என்பதை மறுத்தல் தகாது.

இச்சொற்கள் யாவும் கற்பனையே என்போரின் கூற்றும் ஏற்புடையதன்று. ஆஸ்திரேலியச் சிராஸ் வைனில் மிளகின் மணம் உண்டு என எழுதிவந்தமை வெறும் அலங்காரமாகக் கருதப்படலாம். ஆனால் 2008இல் அங்குள்ள அறிவியலாளர் அம்மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்னும் சேர்வை மிளகிலும் உள்ளது எனக் காட்டினர். நியூசிலாந்து மார்ல்பரோப் பகுதியின் சோவினியோன் வைனில் உணரப்படும் பச்சைக் கறிமிளகாய் மணமும் அவ்வாறே இரசாயன அடிப்படை உடையது. மறுபுறம், 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், சுவையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்வைனை 54 மாணவர் செவ்வைனுக்குரிய சொற்களாலேயே விவரித்தனர். கண் கண்ட நிறத்துக்கேற்ற மரபுச்சொல்லை மூக்கு ஏற்றுக்கொண்டது. இவ்விரு உண்மைகளையும் இணைத்தே நோக்கவேண்டும். சுவைக்குப் புறநிலை அடிப்படை உண்டு. அதனை உணரும் புலனோ சமூகத்தாற் பயிற்றப்பட்டது. ஐம்புலன்களின் உருவாக்கம் மனித வரலாறு முழுவதன் விளைவு என இளம் மார்க்ஸ் 1844இல் கருதியதன் பொருள் இதுவே.

இனி, இச்சொற்றொகுதி எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதைக் காண்போம். ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு வைனைப் பற்றிய குறிப்புகளில் ஆப்பிளும் தேனும் மட்டுமன்றிப் பலகைக்கல்லின் சுவையும் தவறாது இடம்பெறும. கல்லின் சுவை கொடியின் வேர்வழியே கிண்ணத்துக்கு வருவதில்லை. கரைந்த கனிமங்களையே வேர் உறிஞ்சும். ஆனால் சில இடங்களில் 60 பாகையையும் விஞ்சும் அக்கற்சரிவுகளில் ஏறி, இயந்திரம் புகமுடியாத இடங்களிற் கையாற் கொடி நறுக்குவோரின் உழைப்பு அவ்வைனில் உண்மையாகவே உண்டு. கல் பேசப்படுகின்றது, கை பேசப்படுவதில்லை. இதே மோசல் விவசாயிகளின் வறுமையையும் அதனை மூடிமறைத்த பிரசிய நிர்வாகத்தையும் பற்றி 1843இல் 'ரைனிஷ் ட்சைட்டுங்' பத்திரிகையில் மார்க்ஸ் எழுதினார். அவ்வாண்டிலேயே அப்பத்திரிகை தடைசெய்யப்பட்டது. பொருளாதாரப் பிரச்சினைகளை ஆராயத் தம்மைத் தூண்டியவற்றுள் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என அவர் 1859இல் நினைவுகூர்ந்தார். அரசியற் பொருளாதார விமரிசனத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று ஒரு வைன் பிரதேசத்தில் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பிரெஞ்சுக்காரர் 'தெருவார்' என வழங்கும் நிலத்தன்மைக் கோட்பாட்டையும் இவ்வாறே ஆராயலாம். மண்ணும் சரிவும் காலநிலையும் வைனுக்குத் தனித்துவம் தருவன என்பதில் உண்மை உண்டு. ஆயின் அது காலங்கடந்த உண்மையன்று. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டியே அவை மீட்கப்பட்டன. 1907இல் விலைவீழ்ச்சிக்கும் கலப்பட வைனுக்கும் எதிராக லாங்டொக் பிரதேச விவசாயிகள் இலட்சக்கணக்கில் திரண்டனர். நார்பொன் நகரிற் படையினர் அவர்களைச் சுட்டனர். 17ஆம் காலாட்படையினரோ கலகம் செய்தனர். 1935இல் முழுமைபெற்ற பிறப்பிடப் பெயர்ச் சட்டங்களுக்குப் பின்னால் இத்தகைய போராட்டங்கள் உள்ளன. உழைப்போரின் பாதுகாப்பாகக் கோரப்பட்ட பிறப்பிடப் பெயர், பின்னர் உடைமையாளரின் தனியுரிமைக்கும் அரணாயிற்று. இம்முரண்பாட்டை நிலத்தின் புகழ் பாடும் எழுத்து காண்பதில்லை.

பெயர்பெறாப் பிரதேசங்களும் உண்டு. பிரெஞ்சுக் குடியேறிகள் அல்ஜீரியாவில் விளைவித்த வைன், பிரான்சின் மெலிந்த வைன்களுக்கு நிறமும் வலுவும் ஊட்டக் கலக்கப்பட்டது. 1962இன் விடுதலைவரை உலகின் பெரும் வைன் ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக இருந்தும், சுவைக்குறிப்புகளில் அதற்கு உரிய இடம் இருந்ததில்லை. தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் கூலியின் ஒரு பகுதியாக வைனே கொடுக்கப்பட்டது. சட்டம் தடுத்த பின்னரும் பல ஆண்டுகள் நீடித்த இவ்வழக்கம் தலைமுறைகளைக் குடிநோய்க்கு ஆளாக்கியது. அங்கு தொழிலாளி குடித்ததும் வைனே. ஆனால் அச்சுவையை எந்த ஏடும் விவரித்ததில்லை.

பழந்தமிழிலக்கியத்திலும் இதற்கோர் ஒப்புமை காணலாம். யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்கு மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தந்ததைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கின்றது. குடித்தவன், கொணர்ந்தவர், ஏந்தியவர், மணம், குளிர்ச்சி யாவும் அங்குள; விளைவித்தவர் இலர். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சுவைக்குறிப்பின் அமைப்பு பெரிதும் மாறிவிடவில்லை.

இதனாற் சுவைத்தலைக் கைவிடவேண்டும் என்பது நமது முடிபன்று. நுண்ணுணர்வு மனிதகுலம் ஈட்டிய செல்வம். அதனைப் பழிப்பது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். புலன் உணர்ந்ததைச் செம்மையாகச் சொல்வதும், உணரப்படும் பொருளை ஆக்கிய உறவுகளைச் சொல்வதும் ஒரே பணியின் இரு கூறுகள். முதற்கூறு இன்றி இரண்டாவது வெறும் சுலோகமாகும். இரண்டாவது கூறு இன்றி முதலாவது, எத்துணை நுட்பமாயினும், விலைப்பட்டியலின் அடிக்குறிப்பாகவே எஞ்சும். வைனுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கவிதைக்கும் பொருந்தும்.